நான்கு கோலும் ஒரு நீல ட்ரம்மும்

1

நான் ஜெர்மனிக்கு வந்து பன்னிரண்டு வருடம் நிறைந்த ஞாயிற்றுக்கிழமை அன்று, எங்கள் உத்திரமேரூர் பஜார் லெவன் சொந்த மைதானத்தில் ராஜகுளம் அணியிடம் நான்கு கோல் வாங்கித் தோற்றது. திருப்பிக் கொடுத்தது ஒன்றுமில்லை.

பொங்கலை ஒட்டி ஊரில் வருடாவருடம் நடக்கிற போட்டி. அங்கே மாலை நான்கு என்றால் இங்கே காலை பதினொன்றரை. பர்வீன் பன்னிரண்டு வருடத்தைக் கொண்டாட அடுப்பில் பிரியாணி வைத்திருந்தாள். நான் கைபேசியைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூட மைதானம், கயிறு கட்டிய ஓரம், கயிற்றுக்கு வெளியே பாதி ஊர். யாரோ வாட்ஸ்அப் குழுவிலேயே நேரலை போட்டிருந்தார்கள். அந்தக் குழுவைத் தொடங்கியவன் நான். ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று விமான நிலையத்தில் உட்கார்ந்து தொடங்கினேன். இன்றைக்கு அதில் இருநூறு பேருக்கு மேல் இருக்கிறார்கள். எல்லோரும் என்னை ‘அட்மின் பாய்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

முதல் கோல் எங்கள் கோல்கீப்பர் தினேஷின் கையில் பட்டு உள்ளே போனது. இரண்டாவது கார்னரில் வந்தது. மூன்றாவது அவன் காலுக்கு நடுவே. நான்காவதற்கு அவன் அசையவே இல்லை. நின்று பார்த்தான்.

ஆட்டம் முடிந்ததும் குழு கொதித்தது. அணியைக் கலைத்துவிடச் சொன்னார் ஒருவர். ஜெர்சியின் நிறம் ராசியில்லை என்றார் இன்னொருவர். “சொந்த ஊர்ல நாலு வாங்கிட்டு நாளிக்கி பஸ் ஸ்டாண்டுல எப்பிடிடா நின்னு டீ குடிக்கறது?” என்று ஒரு குரல் கிட்டத்தட்ட அழுதது. எல்லோரும் அட்மின் பாய் என்ன சொல்கிறார் என்று கேட்டார்கள்.

அட்மின் பாய் சொன்னார். பிரியாணி வாசனைக்கு நடுவே, கைபேசியை வாயருகே பிடித்துக்கொண்டு, இப்படிச் சொன்னார்:

“அந்த தினேசு கையில இன்னா எண்ணெ தடவிக்கினு வந்தானா? அவனுக்கு பதிலா ஒரு தண்ணி ட்ரம்ம கொண்டாந்து நிக்க வெச்சிருந்தாகூட ரெண்டு கோலு தடுத்திருக்கும்டா!”

நூற்றுக்கும் மேல் சிரிப்புக் குறிகள் விழுந்தன. நான் திருப்தியாகச் சாப்பிடப் போனேன்.

2

எனக்கு ஒரு கிடங்கில் வேலை. லாரிகள் வந்து பின்புறமாக ஒட்டி நிற்கிற பெரிய வாயில்கள் அங்கே பன்னிரண்டு உண்டு. ஜெர்மன் மொழியில் வாயிலுக்கும் ‘டோர்’, கால்பந்தில் விழுகிற கோலுக்கும் ‘டோர்’. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் மேற்பார்வையாளர் “டோர் ஆறு! டோர் ஆறு!” என்று கத்தினார். வானொலியில் அன்று ஏதோ ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. ஆறாவது கோல் விழுந்துவிட்டது போலிருக்கிறது என்று நானும் கையைத் தூக்கிக் கத்தினேன். ஆறாம் வாயிலில் லாரிக்காரர் பத்து நிமிடம் காத்திருந்தாராம். அந்தக் கதையை இன்றும் கிடங்கில் சொல்கிறார்கள். ஒரு மொழியைப் பாதி மட்டும் தெரிந்தவனாக வாழ்வது எப்படி என்று ஊரில் கேட்பவர்களுக்கு நானும் அதைத்தான் சொல்வேன்.

திங்கட்கிழமை இடைவேளையில் ஊரிலிருந்து ஒரு வீடியோ வந்தது. அனுப்பியவன் கார்த்தி. பஜாரில் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறான். இருபத்துநான்கு வயது, எங்கள் அணிக்கு அவனைவிடப் பெரிய ரசிகன் கிடையாது. அவனும் நான்கைந்து பேரும் ஒரு நீல நிற தண்ணீர் ட்ரம்மை உருட்டிக்கொண்டு மைதானத்துக்குள் வருகிறார்கள். கோல் கம்பத்துக்கு நடுவே நிறுத்துகிறார்கள். அதன்மேல் வெள்ளைப் பெயின்ட்டில் ஏதோ எழுதியிருக்கிறது. கழுத்தில் சாமந்தி மாலை. காற்றில் சாயாமலிருக்க வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி நிரப்புகிறார்கள். பின்னணியில் பாட்டுக்குப் பதிலாக என் குரல் ஓடுகிறது.

நான் சிரித்தேன். அதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை. இரண்டு முறை போட்டுப் பார்த்துச் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்து மூன்றாவது முறை பார்த்தபோது என் மகள் ரெஹானா பின்னால் வந்து நின்றாள். அவளுக்குப் பதினான்கு வயது. எங்கள் வீதியில் அவளுக்குத் தமிழ் பேச நாங்கள் இரண்டு பேர்தான். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பை இரண்டு வருடத்துக்கு முன்னால் விட்டுவிட்டாள். அந்த நேரத்தில்தான் அவளுடைய அணிக்குப் பயிற்சி. இந்த ஊர்ப் பெண்கள் அணியில் அவள்தான் கோல்கீப்பர்.

“அத்தா, இது என்ன?”

“சும்மா. ஊர்ல பசங்க வெளையாடறாங்க.”

அவள் கைபேசியை வாங்கி நிறுத்தினாள். ட்ரம்மின் மேலிருந்த எழுத்தைப் பெரிதாக்கினாள். உதடு அசைந்தது. “தி... னே... சு.” நிமிர்ந்து பார்த்தாள். “ஆள் பேரா?”

“ஆமா.”

“கோல்கீப்பரா?”

நான் பதில் சொல்வதற்குள் மறுபடி ஓடவிட்டாள். என் குரல் சமையலறையில் ஒலித்தது. அவளுக்குத் தமிழ் அவ்வளவாகப் புரியாது என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். எண்ணெய், ட்ரம், கோல் என்று மூன்று சொல் போதுமாக இருந்தது.

“இது நீங்க,” என்றாள்.

“கோவத்துல சொன்னதும்மா.”

அவள் கையுறையை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். வழக்கமாக நான்தான் பயிற்சிக்குக் காரில் கொண்டுபோய் விடுவேன். அன்று சைக்கிளை எடுத்தாள். கதவருகே நின்று ஜெர்மனில் சொன்னாள், நான் தப்பாகப் புரிந்துகொள்ள வழியில்லாதபடி மெதுவாக: “இனிமேல் என் ஆட்டத்துக்கு நீங்கள் வர வேண்டாம்.”

3

மறுநாள் முருகேசன் கூப்பிட்டான். நானும் அவனும் ஒரே வகுப்பு. எங்கள் குடும்பத்துக்கு பஜாரில் துணிக்கடை, அவர்களுக்கு ஊருக்கு வெளியே நெல்லும் மல்லாட்டையும் போடுகிற நிலம். இன்றைக்கும் விடிந்ததும் மோட்டார் போட்டுவிட்டு நேராக மைதானத்துக்கு வந்துவிடுவான். அணியைக் கட்டி மேய்ப்பவன் அவன்தான்.

“இன்னா பாய், நல்லா கீறியா? பிரியாணி துன்னியா?”

அவன் நலம் விசாரிக்கிற விதத்திலேயே கோபம் தெரிந்தது.

“முருகேசா, நான் தமாசுக்கு...”

“தமாசு. நீ அங்க குந்திக்கினு தமாசு பண்ற. இங்க ரெண்டு நாளா தினேசு வெளிய வர்ல. ஞாயித்துக்கெழம பழையசீவரத்தோட மேட்ச் கீது. கோலுக்கு வேற ஆளு கெடையாது. இருந்த ஒருத்தனும் கால ஒடச்சிக்கினு கீறான். வெளியூர் டீமு வந்து ட்ரம்மு பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்கினு போறான். பேஜாரா கீது பாய். என்னால தலய நிமித்த முடியல.”

“நீ எடுத்துப் போடேன் அத.”

“நான் ஏன் எடுக்கணும்? மேட்ச் நேரத்துல வலைக்கு பின்னாடி நவுத்தி வெக்கறோம். அவ்ளோதான். நான் வெச்சேனா அத?”

வைத்துவிட்டான் போனை.

அன்று மாலையே குழுவில் மன்னிப்புக் கேட்டு ஒரு குரல் செய்தி போட்டேன். முந்தையதை நூறு பேர் கொண்டாடினார்கள். இதற்கு ஏழு கட்டைவிரல் குறிகள்தான் விழுந்தன. “அட்மின் பாய் பயந்துட்டாரு” என்று ஒருவர் எழுதினார். தினேஷுக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. புதன்கிழமை இடைவேளையில் மறுபடி செய்தேன். வேலை முடிந்து செய்தேன். பேருந்து நிறுத்தத்தில் நின்று செய்தேன். பனி தூறிக்கொண்டிருந்தது. விரல் விறைத்துப்போய் எண்ணைத் தொடவே வரவில்லை. அவன் எடுக்கிற வரைக்கும் செய்வது என்று முடிவு செய்துவிட்டேன். ஆறாவது முறையோ ஏழாவது முறையோ ஒரு பெண் குரல் எடுத்தது. தினேஷின் அம்மா செல்வி அக்கா.

“யாரு, ஜெர்மனிகாரனா? ஜாபரா?”

“ஆமாங்கா. தினேசு கிட்ட பேசணும்.”

“இரு. மொதல்ல என் கிட்ட பேசு. அன்னிக்கி ராத்திரி ஷிப்ட்டு முடிச்சிட்டு வந்தான்பா எம்புள்ள. ஒரகடத்துல ராத்திரி முச்சூடும் மெஷினாண்ட நின்னுட்டு, காத்தால கம்பெனி பஸ்ஸ வுட்டுட்டு, பத்து மணிக்கி வூட்டுக்கு வரான். தூங்குடான்றேன். மேட்ச் கீதும்மா, முருகேசன் மாமா சாமான்லாம் தூக்க ஆளு இல்லாம நிக்கும்னுட்டு அப்பிடியே பூட்டான். நாஷ்டா கூட துன்ல. அது தெரியுமா ஒனக்கு?”

“தெரியாதுங்கா.”

“நீ ஆடுவியே, நீ எந்த எடத்துல நிப்ப?”

பேருந்து வந்து நின்று, கதவு திறந்து, மூடிக்கொண்டு போனது. நான் ஏறவில்லை.

இதுவரை ‘எங்கள் அணி’ என்றே எழுதி, நானும் பஜார் லெவனில் ஆடியவன் என்று உங்களை நினைக்க விட்டிருக்கிறேன். ரெஹானாவிடமும் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன். உண்மை என்னவென்றால், நான் மாற்று ஆட்டக்காரன். நான்கு வருடம் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். மொத்தமாகப் பத்து நிமிடம் ஆடியிருப்பேன், அதுவும் நாங்கள் ஐந்து கோல் முன்னால் இருந்த ஒரு நாளில். பந்து என் பக்கம் வரவே இல்லை.

“நான் வெளிய குந்திக்கினு இருப்பேங்கா,” என்றேன்.

“ம். அப்ப செரி,” என்றார். போன் கை மாறியது.

தினேஷ் மரியாதையாகத்தான் பேசினான். அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. “ணா, நீங்க சொன்னது கூட பெருசில்ல. நல்லா ஆடலதான், ஒத்துக்கறேன். ட்ரம்ம உருட்டினு வந்ததுல ரெண்டு பேரு என்கூட ஆடறவங்கணா.”

“தப்புதான் தினேசு. குரூப்ல மன்னிப்பு கேட்டு போட்டுட்டேன்.”

“கேட்டேன்ணா. ட்ரம்மு அங்கியே தான் கீது.”

“ஆள் வெச்சி எடுக்கச் சொல்றேன்.”

“ஆள் எதுக்குணா? நீங்க கல்யாணத்துக்கு வரீங்கன்னு சொன்னாங்களே. வந்து நீங்களே எடுங்க. அப்பால பாக்கலாம்.”

4

அண்ணன் மகளுக்கு நிக்காஹ். பத்து நாள் விடுப்பு, வெள்ளிக்கிழமைக்குப் பயணச்சீட்டு, எல்லாம் தயாராகத்தான் இருந்தது. ஆனால் என் குடியிருப்பு அட்டை டிசம்பரிலேயே காலாவதியாகியிருந்தது. புதியது வரும்வரை நாட்டைவிட்டுப் போய்த் திரும்பி வர ஒரு தற்காலிகச் சான்று வேண்டும். அதற்கு இணையத்தில் கிடைத்த தேதி பிப்ரவரி நடுவில். செவ்வாய்க்கிழமை காலையில் வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு நேரில் போய்க் கேட்டேன். “கல்யாணம் அவசரக் காரணம் ஆகாது, அது முன்கூட்டியே தெரிந்த விஷயம்” என்று கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அம்மையார் அனுப்பிவிட்டார். அவர் சொன்னது நியாயம்தான். “விடுங்க, வீடியோல பாத்துக்கலாம்,” என்றாள் பர்வீன். உண்மையைச் சொன்னால் அன்று எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. ஊருக்குப் போனால் முகம் காட்ட வேண்டுமே.

தினேஷோடு பேசிய பிறகு அந்த நிம்மதி போய்விட்டது. வியாழக்கிழமை ஷிப்ட்டை மாற்றிக்கொண்டு அலுவலகம் திறப்பதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே போய் வாசலில் நின்றேன். எனக்கு முன்னால் மூன்று பேர். கண்ணாடிக்குப் பின்னால் அதே அம்மையார்.

“உங்களிடம் செவ்வாய்க்கிழமையே சொன்னேனே,” என்றார்.

“இது கல்யாணத்துக்கு இல்லை,” என்றேன். அதிகாரிகளிடம் பொய் சொல்லிப் பழக்கமில்லாததாலும், பொய் சொல்கிற அளவுக்கு ஜெர்மன் வராததாலும், இருப்பதையே சொன்னேன். எங்கள் ஊரில் ஒரு டோரில் பீப்பாய் ஒன்று நிற்கிறது. நிறையத் தண்ணீர். என் பேச்சைக் கேட்டு வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் நான் போய் எடுக்க வேண்டும். வேறு யாரும் எடுக்க மாட்டார்கள்.

அவர் எழுதுவதை நிறுத்தினார். “டோரிலா? நடுவிலா?”

“நடுவில்.”

“ஆட்கள் வந்து போகிற இடமா?”

“ஊர் முழுக்க வரும்.”

“எத்தனை நாளாக?”

“திங்கட்கிழமையிலிருந்து.”

அவர் முகம் மாறிவிட்டது. உள்ளே போய் யாரிடமோ பேசினார். இருபது நிமிடத்தில் முத்திரை குத்திய தாள் என் கையில் இருந்தது. “உடனே அகற்றுங்கள். யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டால் நீங்கள்தான் பொறுப்பு,” என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்.

தெருவுக்கு வந்து பாதி தூரம் நடந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. நான் டோர் என்றதை அவர் வாயில் என்று எடுத்துக்கொண்டுவிட்டார். ஏதோ ஒரு பொது வாயிலை நான் ஆள் வைத்து மறித்து வைத்திருப்பதாக நினைத்துவிட்டார். இந்த நாட்டில் மற்ற எதற்கு மன்னிப்பு உண்டோ இல்லையோ, வழியை மறித்து வைத்த பீப்பாய்க்குக் கிடையாது. திரும்பிப் போய்த் திருத்த வேண்டும் என்றுதான் தோன்றியது. திரும்பியும் போனேன். வரிசையில் இப்போது முப்பது பேர். அவர் என்னைக் கண்ணாடி வழியாகப் பார்த்து, “இன்னும் கிளம்பவில்லையா?” என்பதுபோல் கையை வீசினார். கிளம்பிவிட்டேன்.

இரவுச் சாப்பாட்டில் இதைச் சொன்னபோது, நான்கு நாளாகப் பேசாதிருந்த ரெஹானா வாயில் வைத்திருந்த தண்ணீரைத் துப்பிவிட்டுச் சிரித்தாள். பிறகு நான் ஓரத்தில் உட்கார்ந்திருந்த நான்கு வருடத்தைப் பற்றியும் சொன்னேன். அதற்கு அவள் சிரிக்கவில்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போகும்போது தமிழில் சொன்னாள்: “எடுத்துட்டு எனக்கு போட்டோ அனுப்புங்க.”

5

சனிக்கிழமை மதியம் உத்திரமேரூர். வாடகைக் காரை வீட்டுக்கு விடாமல் மைதானத்துக்கு விடச் சொன்னேன். சூட்கேசைக் கயிற்றோரம் வைத்துவிட்டு, ஜெர்மனியில் மாட்டிய கனத்த சட்டையைக் கழற்றி அதன்மேல் போட்டேன். முருகேசன் சுண்ணாம்பால் கோடு போட்டுக்கொண்டிருந்தான். மர நிழலில் கார்த்தியும் கூட்டாளிகளும் இருந்தார்கள். எல்லோர் கையிலும் கைபேசி. நான் வருகிறேன் என்று ஊருக்கே தெரிந்திருந்தது.

ட்ரம்மைக் கட்டிப் பிடித்துத் தள்ளினேன். அசையவில்லை. வெயிலில் வாடிய சாமந்தி மட்டும் உதிர்ந்தது. மறுபடி தள்ளினேன். நிழலில் யாரோ சிரித்தார்கள். யாரோ அவனை அதட்டினார்கள்.

“மொதல்ல தண்ணிய கொட்டுடா,” என்றான் முருகேசன், கோட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல். அவன் உதவிக்கு வரவில்லை. நானும் கூப்பிடவில்லை.

வாளி இல்லை. சாய்த்தால்தான் உண்டு. முதுகைக் கொடுத்து, காலை ஊன்றி, மூன்று மூச்சு தள்ளியதில் ட்ரம் சாய்ந்தது. ஒரு வாரத் தண்ணீர் மொத்தமும் கோல் கம்பத்துக்கு முன்னால் பாய்ந்தது. நானும் அதில் விழுந்தேன்.

“யோவ் பாய்!” முருகேசன் சுண்ணாம்பு டப்பாவைப் போட்டுவிட்டு ஓடி வந்தான். “நாளிக்கி மேட்சு! கோலாண்ட சேறாக்கிட்டியேடா!”

அதற்குமேல் யாராலும் அடக்க முடியவில்லை. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேற்றில் உட்கார்ந்துகொண்டு சிரித்தேன். பிறகு எழுந்து, பக்கத்துத் தெருவில் வீடு கட்டுகிறவரிடம் கேட்டு, இரும்புச் சட்டியில் மணல் வாங்கிவந்து கொட்டினேன். ஐந்தாவது சட்டியைத் தூக்கும்போது கார்த்தி எதிரே வந்து அதைப் பிடித்துக்கொண்டான். என் முகத்தைப் பார்க்கவில்லை. “நவுருங்க பாய். எழுதுனது நான்தான,” என்றான். பொழுது சாய்வதற்குள் ஈரம் மூடியது. ட்ரம்மை அது எந்த டீக்கடையிலிருந்து வந்ததோ அங்கேயே உருட்டிக்கொண்டு போய்ச் சேர்த்தேன். அங்கே பெயின்ட்டைச் சுரண்டி எடுக்க மேலும் ஒரு மணி நேரம் ஆனது. காலி கோல் கம்பத்தைப் படம் எடுத்து இரண்டு பேருக்கு அனுப்பினேன். ரெஹானாவிடமிருந்து ஒரு கட்டைவிரல் வந்தது. தினேஷிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

6

ஞாயிற்றுக்கிழமை மூன்றரைக்குக்கூட அவன் வரவில்லை. முருகேசன் கோல்கீப்பர் ஜெர்சியைத் தோளில் போட்டுக்கொண்டு வழியையே பார்த்துக்கொண்டிருந்தான். நாலுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது செல்வி அக்கா முன்னால் வந்தார், தினேஷ் பின்னால். அவர் நேராகக் கயிற்றோரம் முதல் வரிசையில் வந்து உட்கார்ந்தார். யார் என்ன பேசினாலும் அவர் காதில் விழும் இடம். அவன் யாரையும் பார்க்காமல் ஜெர்சியை வாங்கி மாட்டிக்கொண்டான்.

வென்றால்தான் அடுத்த சுற்று. இருபதாவது நிமிடத்தில் நாங்கள் ஒரு கோல் போட்டோம். தினேஷ் மூன்று பந்துகளைப் பாய்ந்து தடுத்தான். ஆட்டம் முடியக் கொஞ்ச நேரம் இருக்கும்போது பழையசீவரத்துக்கு ஒரு கார்னர். பந்து உயரமாக வந்தது. தினேஷ் முன்னால் வருவதா பின்னால் நிற்பதா என்று ஒரு கணம் தயங்கினான். அந்தக் கணத்தில் ஒருவன் தலையால் முட்டிவிட்டான். ஒன்றுக்கு ஒன்று. அப்படியே முடிந்தது. இந்த வருடமும் நாங்கள் வெளியே.

கயிற்றோரம் யாரும் கத்தவில்லை. என் பக்கத்தில் நின்ற கார்த்தி, தனக்குத்தானே சொல்வதுபோல, ஆனால் கேட்கும்படியாக, “மறுபடியும் கார்னர்லயே நின்னுட்டான்பா,” என்றான். அவன் கண் கலங்கியிருந்தது.

நான் வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் தினேஷ் கையுறையைக் கழற்றிக்கொண்டே எங்களை நோக்கி வந்துவிட்டான். முட்டியெல்லாம் மணல் ஒட்டியிருந்தது. செல்வி அக்கா எழுந்து நின்றார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

“ஆமா, நின்னுட்டேன்,” என்றான் தினேஷ் கார்த்தியிடம். “வெளிய வந்து புடிச்சிருக்கணும். போன வாரமும் அதான், இந்த வாரமும் அதான். நாளிக்கி காத்தால அத மட்டும் தான் பண்ணப் போறேன். கார்னர்லேர்ந்து பந்து போட்டுக்கினே இருக்க ஆளு வேணும். அம்பது பந்து, நூறு பந்து. நீ வரியா?”

கார்த்தி கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் என்னைப் பார்த்தான், முருகேசனைப் பார்த்தான், கடைசியில் தினேஷைப் பார்த்தான்.

“எத்தினி மணிக்கி?”

“ஆறுக்கு. இந்த வாரம் பகல் ஷிப்ட்டு, எட்டு மணிக்கி எனக்கு கம்பெனி பஸ்ஸு கீது,” என்றான் தினேஷ். “நீ அஞ்சே முக்காலுக்கே வந்துடு. வலை கட்டணும்.”